தப்பி வந்த காசுகள்!

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இருக்கிறார்களா? அவர்களில் யாராவது 'பிரஸ் ஷாப்'பில் வேலை பார்க்கிறார்களா? அப்படியானால் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்ததும் (அதற்கு முன்பு வேண்டாம், களைப்பாக இருப்பார்கள்) ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கார் கதவை எப்படிச் செய்கிறார்கள்?"

அவர்கள் இப்படிச் சொல்வார்கள்: "பாய் போலச் சுருட்டிய பெரிய இரும்புத் தகடு வரும். அதை அளவாக வெட்டுவோம். மேலே ஒரு டை, கீழே ஒரு டை. நடுவில் தகட்டை வைத்தால், மேல் டை இறங்கி ஓர் அழுத்து அழுத்தும். தகடு கதவாகிவிடும்."

இப்போது உங்கள் பையில் இருக்கும் ஐந்து ரூபாய்க் காசை வெளியே எடுங்கள். அதுவும் இப்படித்தான் பிறந்தது! தகடு, வெட்டு, மேல் டை, கீழ் டை, ஓர் அழுத்து. கார் கதவு பெரியது, காசு சிறியது, வேலை ஒன்றுதான். 'டை' என்பதைத் தமிழில் 'அச்சு' என்போம்.

பிரஸ் ஷாப்பின் கடைசியில் ஒருவர் நின்று ஒவ்வொரு கதவாகத் தடவிப் பார்ப்பார். நெளிவு, விரிசல், சுருக்கம் இருந்தால் தனியே ஒதுக்கிவிடுவார். நாணயச் சாலையிலும் அப்படிப் பார்க்கிறார்கள். ஆனால், அங்கே ஓர் இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான காசுகளை அடித்துத் தள்ளும். கோடிக்கணக்கான காசுகளில் ஒன்றிரண்டு பிழையான காசுகள் கண்ணுக்குத் தப்பி, மூட்டையில் ஏறி, வங்கிக்குப் போய், பஸ் கண்டக்டர் கைக்கு வந்து, உங்கள் கைக்கும் வந்துவிடும். இவற்றைத்தான் 'பிழைக் காசு' என்கிறார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள்! பிழையான கார் கதவுக்குப் பழைய இரும்பு விலைதான். பிழையான காசுக்கோ, நல்ல காசைவிட அதிக விலை கொடுக்க ஆள் இருக்கிறது!

உடனே உண்டியலைக் கவிழ்க்க ஓடாதீர்கள். விசித்திரமாகத் தெரிகிற காசெல்லாம் பிழைக் காசு அல்ல. எந்தக் காசைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "நாணயச் சாலையின் எந்தப் படியில் இப்படி ஆகியிருக்கும்?" விடை கிடைத்தால் அது பிழைக் காசாக இருக்கலாம். எந்தப் படியிலும் ஆக முடியாது என்றால், வெளியே வந்த பிறகு யாரோ அதை நசுக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

அதற்கு அந்தப் படிகள் நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா? வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம்.

பூரியும் காசும்

இந்தியாவில் இப்போது நான்கு இடங்களில் காசு அடிக்கிறார்கள்: கொல்கத்தா, மும்பை, ஹைதராபாத், நொய்டா. காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சிறிய வைரம் போன்ற கட்டம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ("குறி இல்லை, இது பிழைக் காசு!" என்று குதிக்கும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்!)

நம் சென்னையிலும் ஒரு காலத்தில் நாணயச் சாலை இருந்தது. தங்கசாலைத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். 1869-இல் அதை மூடிவிட்டார்கள். ஆனால், 'மின்ட்' என்று சொன்னால் இன்றும் கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

முதல் படி, தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவது. சில வீடுகளில் மாவைப் பெரிதாகத் தேய்த்து, டப்பா மூடியால் வட்ட வட்டமாக அழுத்தி எடுத்துப் பூரி சுடுவார்கள். மூடியைச் சரியாக நகர்த்தாமல், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே பாதி படும்படி அழுத்தினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் கடித்தது போன்ற பூரி வரும். நாணயச் சாலையிலும் தகடு சரியாக நகராமல் போனால், ஓரத்தில் பிறை வடிவில் கடித்தது போன்ற வில்லை விழும். அதில் முத்திரை குத்தினால் 'கடி பட்ட காசு'. பிழைக் காசுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பார்த்தால் எலி கடித்தது போலவே இருக்கும்!

"அரத்தால் ராவி நானே ஒன்று செய்துவிடுவேனே?" என்று கேட்கிறீர்களா? செய்யலாம், ஆனால் மாட்டிக்கொள்வீர்கள். எப்படி என்பது இரண்டாவது படியில் இருக்கிறது.

வெட்டிய வில்லையை ஓர் இயந்திரம் இரண்டு பக்கமும் நெருக்கி உருட்டும். அப்போது ஓரம் சற்றே எழும்பி வரம்பு உண்டாகும். கடி பட்ட வில்லை உருளும்போது, கடிபட்ட இடத்தில் நெருக்குவதற்கு உலோகமே இல்லை. அதனால், அதற்கு நேர் எதிரே இருக்கும் ஓரத்துக்கும் சரியான அழுத்தம் கிடைக்காது. அந்த இடத்தில் வரம்பு எழும்பாமல் மங்கலாக, தட்டையாக நிற்கும். இதற்கு 'பிளேக்ஸ்லி விளைவு' என்று பெயர். கடி பட்ட காசு கிடைத்தால் கடியைப் பார்க்காதீர்கள். அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே வரம்பு மங்கியிருந்தால் நல்ல அறிகுறி. பளிச்சென்று முழுமையாக இருந்தால் அரம்தான் வேலை செய்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அரம் பிடித்தவர் கடியை நன்றாகத்தான் செய்திருப்பார். எதிர்ப் பக்கத்தை மறந்துவிடுவார்!

அடுத்து வில்லைகளை உலையில் சூடாக்கி மெதுவாக்குவார்கள், கழுவிக் காயவைப்பார்கள். அதில் நமக்குப் பெரிய கதை இல்லை. கடைசிப் படிக்குப் போவோம்.

டங்!

கீழ் அச்சின் மேல் வில்லை உட்காரும். அதைச் சுற்றி 'காலர்' என்று ஒரு வளையம் இருக்கும். மேல் அச்சு இறங்கும். டங்! ஒரே அடியில் பூவும் தலையும் பதிந்துவிடும். உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் காலர் பிடித்துக்கொள்ளும். அடுத்த நொடி காசு வெளியே தள்ளப்பட்டு, புது வில்லை உள்ளே வரும். பெரும்பாலான வேடிக்கைகள் இங்கேதான் நடக்கின்றன.

வில்லை காலருக்குள் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தள்ளி நின்றால், படம் பாதி பதிந்து மீதி இடம் மொட்டையாக இருக்கும். பிடித்து வைக்கக் காலர் இல்லாததால் வடிவமும் சரியான வட்டமாக இராது. முன்பக்கம் எந்த ஓரம் மொட்டையோ, பின்பக்கமும் அதே ஓரம் மொட்டையாக இருக்க வேண்டும். ஒரே அடியில்தானே இரண்டு பக்கமும் பதிகிறது!

சில சமயம் அடித்த காசு வெளியே போகாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்த வில்லை உள்ளே வந்துவிடும். இப்போது அதை அடிப்பது அச்சு அல்ல, ஒட்டிக்கொண்டிருக்கும் காசு! விளைவு என்ன? புதுக் காசின் ஒரு பக்கம் சிங்க முகம் சரியாக, மேடாக இருக்கும். மறுபக்கம் அதே சிங்கம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருக்கும். சேகரிப்பாளர்கள் இதை 'லாக்கி' என்பார்கள். கண்டவுடன் பிரமிப்பு உண்டாக்கும் பிழை இது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கையால் அடித்த ரோமானிய வெள்ளிக் காசுகளிலேயே இந்தப் பிழை இருக்கிறது என்றால் பாருங்களேன்.

இதையும் போலியாகச் செய்கிறார்கள். இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸில் வைத்து நெருக்கினால், ஒன்றின் படம் மற்றதில் பள்ளமாகப் பதியும். நம் பக்கத்தில் பட்டறைகளுக்கா பஞ்சம்? ஆனால் வைஸின் தாடை சும்மா இருக்குமா? வெளிப் பக்கத்து முத்திரையை நசுக்கித் தட்டையாக்கிவிடும். உண்மையான லாக்கியில் மறுபக்கம் கூர்மையாக, நன்றாக இருக்கும்.

அச்சும் இரும்புதான், அடித்து அடித்து அதிலும் விரிசல் விழும். விரிசலுக்குள் உலோகம் புகுந்துகொள்வதால், காசில் அது மயிரிழை போன்ற மேடான கோடாகத் தெரியும். இதை நன்றாக நினைவில் வையுங்கள். அச்சின் விரிசல் காசில் மேடாக வரும். கீழே விழுந்தோ, சாவி உரசியோ பட்ட கீறல் பள்ளமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும். அச்சின் எழுத்துப் பள்ளத்தில் கிரீஸ் அடைத்துக்கொண்டால் ஓர் எழுத்தோ, ஆண்டின் ஓர் இலக்கமோ மங்கிப் போகும். இது நிறையவே கிடைக்கும். பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்றை இப்போதே சோதிக்கலாம். சிங்க முகம் நேராக இருக்கும்படி காசின் உச்சியையும் அடியையும் இரண்டு விரல்களால் பிடித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது போலப் பக்கவாட்டில் திருப்புங்கள. சுதந்திர இந்தியக் காசுகளில் மறுபக்கமும் நேராகவே இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால், ஓர் அச்சு தன் இடத்தில் சுழன்றுவிட்டது என்று பொருள். கொஞ்சம் சாய்ந்திருந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். முழுத் தலைகீழ் என்றால் சேகரிப்பாளர் நிமிர்ந்து உட்காருவார்.

பத்து ரூபாய்க் காசு தனி ரகம். வெளி வளையமும் நடு வில்லையும் வேறு வேறு உலோகம். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒரே அடியில் முத்திரையும் குத்தி, ஒன்றோடொன்று இறுக்கியும் விடுகிறார்கள். நடு வில்லை விலகி உட்கார்ந்துவிட்டால் அது பிழைக் காசு. படம் மட்டும் தொடர்ச்சியாக இரண்டு உலோகத்தின் மேலும் பதிந்திருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. வளையத்தில் ஒரு பக்கத்து எழுத்து, அதன் நடுவில் மறுபக்கத்துப் படம் என்று நடு வில்லை திருப்பி வைத்தது போல ஒரு பத்து ரூபாய்க் காசு கிடைக்கிறது. இது பிழைக் காசா? நம் கேள்வியைக் கேளுங்கள். எந்தப் படியில் இப்படி ஆகும்? முத்திரை பதியும்போதே இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன. திருப்ப வேண்டுமென்றால், அடித்து முடித்த பிறகு யாராவது நடு வில்லையைத் தட்டிக் கழற்றித் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். ஆகவே, இது சுத்தியல் வேலை!

பிழை அல்ல, வகை

பத்து ரூபாய் என்றதும் ஞாபகம் வருகிறது. "பத்து ரூபாய்க் காசு செல்லாது" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்ததுண்டா? தமிழ்நாட்டில் பல ஊர்களில் இது நடந்தது. ஒன்றில் 15 கோடுகள், இன்னொன்றில் 10 கோடுகள். ஒன்றில் ₹ அடையாளம் உண்டு, மற்றதில் இல்லை. எனவே ஒன்று போலி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உண்மை என்ன? ₹ அடையாளம் 2010-இல்தான் ஏற்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் நம் தமிழர் உதயகுமார். 2011 முதல் காசுகளில் அது இடம் பெற்றது. கோடுகளின் எண்ணிக்கையும் மாறியது. அவ்வளவுதான். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே, அதுவரை வந்த 14 வகைப் பத்து ரூபாய்க் காசுகளும் செல்லும் என்று அறிவித்தது. வடிவம் மாறுவது பிழையும் அல்ல, போலியும் அல்ல.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பலர் பொக்கிஷமாக வைத்திருக்கும் இன்னொரு காசு, ராஜீவ் காந்தி படம் போட்ட ஒரு ரூபாய். 1991 மே 21 அன்று அவர் மறைந்தது இந்த ஊரில்தான். நினைவிடமும் இங்கே இருக்கிறது. காசில் 1944, 1991 என்று இரண்டு ஆண்டுகள் இருப்பதைப் பார்த்து, "1944-இல் அடித்த பழங்காசு" என்று சிலர் நினைக்கிறார்கள். அவை அவர் பிறந்த, மறைந்த ஆண்டுகள். இது நினைவு நாணயம். 1995-இல் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் காசு, 2009-இல் தமிழில் கையெழுத்தோடு வந்த அறிஞர் அண்ணா காசு, 2010-இல் வந்த தஞ்சைப் பெரிய கோயில் காசு எல்லாம் இந்த வகைதான். சேர்த்து வைக்க அருமையானவை. பிழைக் காசு அல்ல.

தராசும் காந்தமும்

ஒரு மதிப்புக்குரிய முத்திரை, வேறு மதிப்புக்குரிய வில்லையில் விழுந்துவிடுவதும் உண்டு. இதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, தராசு வேண்டும். நகைக்கடைக்காரர் அனுமதித்தால் நிறுத்துப் பாருங்கள். 1992 முதல் வந்த 25 மில்லிமீட்டர் எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம். 2011 முதல் வந்தது 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். 2019 வரிசை இன்னும் சுருங்கி 20 மில்லிமீட்டர், 3.09 கிராம். பழைய தடித்த ஐந்து ரூபாய் 9 கிராம். இருபது ரூபாய் 8.54 கிராம். புதுக் காசிலும் எடை சற்று முன்பின் இருக்கலாம். தேய்ந்த காசில் இன்னும் கொஞ்சம் குறையும். ஒரு கிராமே வித்தியாசம் என்றால் யோசிக்க வேண்டும்.

காந்தம் என்றதும் ஓர் அமெரிக்கக் கதை. இரண்டாம் உலகப் போரில் தாமிரம் தேவைப்பட்டதால், 1943-இல் அமெரிக்கா ஒரு சென்ட் காசுகளைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்தைய ஆண்டின் தாமிரக் கலவை வில்லைகள் சில எங்கோ மிஞ்சிக் கிடந்து, அவற்றிலும் 1943 முத்திரை விழுந்துவிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 16 வயது மாணவர் ஒருவருக்கு, 1947-இல் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் கொடுத்த சில்லறையில் அப்படி ஒன்று கிடைத்தது! அந்தக் காசைக் கொண்டு வருபவருக்கு ஃபோர்டு ஒரு புதுக் கார் தருவார் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. மாணவர் கார் கம்பெனியைக் கேட்டார்; அது வெறும் வதந்தி என்றார்கள். அரசைக் கேட்டார், 1943-இல் எஃகுக் காசு மட்டுமே அடித்தோம் என்று பதில் வந்தது. அவர் சண்டை போடவில்லை. காசை வைத்துக்கொண்டார், சுமார் எழுபது ஆண்டுகள்! 2019 ஜனவரியில் ஏலத்தில் அது 2,04,000 டாலருக்குப் போனது. அவர் விருப்பப்படி, பணம் அவருடைய ஊர்ப் பொது நூலகத்துக்கு.

எஃகுக் காசுக்குத் தாமிர முலாம் பூசி ஏமாற்றியவர்களும் ஏராளம். ஒரு சிறு காந்தம் போதும்: ஒட்டினால் உள்ளே எஃகு, போலி!

விலை எப்படி வருகிறது?

இதற்கு அட்டவணை கிடையாது. பிழை பளிச்சென்று தெரிகிறதா, எத்தனை கிடைக்கின்றன, காசு தேயாமல் இருக்கிறதா, வாங்க ஆள் இருக்கிறாரா, இவை சேர்ந்துதான் விலை. பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய பிழைக்கு ஆர்வமும் குறைவு, விலையும் குறைவு. பாதி மொட்டையான காசில் ஆண்டு தெரிந்தால் மதிப்பு கூடும்.

எண்ணிக்கைக்கு ஓர் உதாரணம். 2008-இல் பிரிட்டனில் 20 பென்ஸ் காசின் வடிவத்தை மாற்றினார்கள். முன்பு பூப் பக்கத்தில் இருந்த ஆண்டு, தலைப் பக்கத்துக்கு மாறியது. ஆனால், பழைய தலை அச்சையும் புதிய பூ அச்சையும் சேர்த்து மாட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஆண்டே இல்லாத காசு வந்தது! 50,000 முதல் 2 லட்சம் வரை அப்படி வெளியேறியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஆயிரக்கணக்கான பவுண்டு என்று விளம்பரம் செய்தார்கள். கடைசியில் சந்தையில் நின்றது ஐம்பது, நூறு பவுண்டு அளவில்தான். பிழை அபூர்வம்தான். ஆனால், காசு அத்தனை அபூர்வம் இல்லையே!

இன்னொரு விஷயமும் உண்டு. பல்லவரும் சோழரும் ஆண்ட மண் இது. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். பெரும்பாலான காசுகளில் படம் ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும். அதற்காக விலை கூடாது! கையால் சுத்தியல் அடித்துச் செய்தால் எல்லாமே கொஞ்சம் கோணல்தான். ஆற்காடு ரூபாயில் அச்சே வில்லையைவிடப் பெரியது. எழுத்து வெட்டுப்படுவது சகஜம். எப்போதும் கோணலாக வரும் இடத்தில் கோணல் பிழை ஆகாது. எப்போதும் நேராக அடிக்கும் இயந்திரம் ஒரு முறை கோணலாக அடித்தால்தான் அது செய்தி.

(தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, ஏரி தூர் வாரும்போதோ இப்படிப் பழங்காசுகள் கிடைத்தால் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் சொன்னால் வழி காட்டுவார்.)

பத்து லட்சம் தரும் காசு

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். வீட்டில் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

"வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருக்கிறதா? பத்து லட்சம் தருகிறோம்!" என்று போனில் செய்தி வரும். அந்தக் காசு 2012-இல் வந்த நினைவு நாணயம். பிழை எதுவும் இல்லை. நாடு முழுவதும் புழங்கியது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கம்பெனியில் இரவு ஷிப்ட். அவரிடம் அந்தக் காசு இருந்தது. போட்டோ அனுப்பினார். எதிர்முனையில் ஒருவர் இனிக்க இனிக்கப் பேசினார். ரிசர்வ் வங்கி சின்னம் போட்ட கடிதம்கூட வந்தது! முதலில் பதிவுக் கட்டணம் என்றார்கள், கட்டினார். பிறகு வரி என்றார்கள், கட்டினார். அப்புறம் பணம் கொண்டு வரும் வண்டிக்குக் காப்பீடாம்! அதையும் கட்டினார். பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணம் அது. ஐந்து ரூபாய்க் காசு மட்டும் இன்னும் அவரிடமே இருக்கிறது.

2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதுபற்றி எச்சரிக்கை விட்டது. பழைய நோட்டு, காசுகளை வாங்கி விற்கும் வேலையில் அது ஈடுபடுவதே இல்லை. கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் சார்பில் கேட்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை.

கொஞ்சம் யோசியுங்கள். காசை வாங்குபவர் நமக்குப் பணம் தர வேண்டும். நாம் ஏன் அவருக்குத் தர வேண்டும்? போனில் பணம் வந்து சேர ரகசிய எண் (பின்) எதுவும் போட வேண்டியதில்லை. பணம் வெளியே போகத்தான் அது வேண்டும். ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

தேடுவோமா?

பஸ் டிக்கெட் மீதி, மளிகைக் கடைச் சில்லறை, வீட்டு உண்டியல், இவை போதும். ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருங்கள். காசின் விளிம்பை மட்டும் பிடியுங்கள். புளி, எலுமிச்சை, விபூதி எதுவும் போட்டுத் தேய்க்கவே கூடாது! பளபளப்பாகத்தான் தெரியும், ஆனால் மேல் தோல் உரிந்து மதிப்பு போய்விடும். சேகரிப்பாளர் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

நீங்களே பிழை 'செய்து' பார்க்கும் ஆசை வேண்டாம். தண்டவாளத்தில் வைப்பது உயிருக்கே ஆபத்து. காசை வெட்டுவதும் உருக்குவதும் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றம். ஏழு ஆண்டு வரை சிறைகூட உண்டு.

உண்மையிலேயே சந்தேகமான காசு கிடைத்தால், பெரியவர்களோடு சென்னைக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. நல்ல காசு எப்படி இருக்கும் என்று கண் பழகும். மெட்ராஸ் காயின் சொசைட்டி என்ற சேகரிப்பாளர் சங்கமும் சென்னையில் இருக்கிறது. காசை நேரில் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை சொல்பவரை நம்பாதீர்கள்.

அதுவரை காசைச் சிறு காகித உறைக்குள் போட்டு, மேலே பென்சிலால் குறித்து வையுங்கள். உதாரணத்துக்கு ஒன்று:

"1 ரூபாய். 1998. நட்சத்திரம் – ஹைதராபாத். எடை 4.6 கிராம். வலது ஓரத்தில் கடி. எதிர்ப் பக்கத்தில் வரம்பு மங்கல். கிடைத்த இடம்: சுங்குவார்சத்திரம் பஸ், டிக்கெட் மீதி."

இதில் எடை ஏன் 4.85-ஐவிடக் குறைவு என்று சொல்லுங்கள் பார்ப்போம்? ஆமாம், கடிபட்ட துண்டின் எடைதான்!